இரண்டு உடம்புக்கு ஒரே சாப்பாடு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நானும் மகள் சுண்டெலியும் இருக்கிறோம். "நலமாக இருக்கிறோம்" என்று எழுத வந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். அங்கே நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள்.

எத்தனையோ தடவை ஃபோன் செய்து பார்த்தேன். உங்கள் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். "அவ தூங்கறா தம்பி" என்கிறார். உங்கள் ஊரில் அப்போது பட்டப்பகல். ஒரு மனுஷி இவ்வளவு தூங்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பாவம், நல்ல மனுஷர், பொய் சொல்லிப் பழக்கமில்லை, குரல் உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் இதை ஒரு தடவை கையில் எடுத்தே ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, அதைச் சரிசெய்தாயிற்று. சுண்டெலி கண்ணாடி முன்னால் நின்று தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். முன்பக்கம் படிக்கட்டு மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்தார்களா என்று கேட்டேன். "இதுதான் இப்ப ஃபேஷன், உங்களுக்குத்தான் தெரியலன்னு சொல்லிட்டேன்" என்றாள். அந்த வாய் யாருடைய வாய் என்று உங்களுக்குத் தெரியாததா?

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பழையபடி கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிறேன். முன்பெல்லாம் என் தலையைப் பார்த்தாலே கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இப்போது நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் நடத்துநர் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். உங்கள் தங்கை ஓட்டிய பஸ்ஸில் கடைசிவரை கூடவே வேலை பார்த்தவர். அவள் சீட்டில் போட்டு உட்காரும் மெத்தையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், வெகுநேரம் உட்கார்ந்து அன்று நடந்ததை முழுதாகச் சொன்னார். துக்கத்துக்கு வந்தபோது நீங்கள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் தெம்பு உங்களுக்கு இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் இது உங்களுக்குத் தெரிய வேண்டும், அக்கா.

காலை நேரம், வண்டி நிறையக் கூட்டம். பாலத்தில் ஏறப் போகிற இடம். திடீரென்று அவள் வேகத்தைக் குறைத்து, சிக்னல் போட்டு, வண்டியை ஓரம் கட்டியிருக்கிறாள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்து, இரண்டு கதவையும் திறந்துவிட்டிருக்கிறாள். வண்டி கெட்டுப்போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்களாம். "இந்த வண்டிக்கு இதே வேலையாப் போச்சு" என்று ஒருவர் கத்திவிட்டு இறங்கி நடந்தாராம். பின்னாலேயே இன்னும் சிலர். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "என்னம்மா, வண்டி படுத்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். அவள் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி அவரைப் பார்த்து, "வண்டி இல்லண்ணே, நான்" என்றிருக்கிறாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை.

அதிலும் ஒரு சிரிப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் பாருங்கள், உங்கள் வாலு. சின்ன வயதில் உங்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே பின்னால் திரிந்ததால் நீங்கள் வைத்த பெயர் அது. அண்ணன் இதைச் சொல்லும்போது பாதி சிரித்து பாதி அழுதார். நானும் அப்படியே. அந்த பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை, அக்கா.

இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பல் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு ஏன் வரவில்லை என்று அந்தப் பெண் கேட்டாள். கொஞ்ச நாளாகவே உங்கள் தங்கை, மாடிப்படி ஏறினால் தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைவாய்ப் பல் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அது பல் இல்லை, இதயம் என்று டாக்டர் பின்னால் சொன்னார். பெண்களுக்குப் பல நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரி வராதாம். தாடை, முதுகு, காரணமில்லாத களைப்பு என்று சுற்றி வளைத்து வருமாம். நீங்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. சுண்டெலி தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் இல்லாதபோது எழுத வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் மகள் எனக்கு ஃபோன் செய்தாள். உங்களுக்குத் தெரியாமல்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், பிள்ளை பயந்துபோயிருக்கிறது. "சித்தப்பா, அம்மா சரியா சாப்பிடறதே இல்ல. தட்டு முன்னாடி உக்காந்துகிட்டு ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொல்றாங்க" என்றாள். என்ன வார்த்தை என்று அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் உங்கள் தங்கை வெங்காயம் நறுக்குவாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டதுதான். "எனக்கு நல்லாருக்குடி, உனக்கும் நல்லாருக்கும்."

அக்கா, அது பொய் இல்லை. உங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. வயிற்று உப்புசத்தாலும் மூட்டு வலியாலும் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எந்த டாக்டரும் காது கொடுத்துக் கேட்காத நேரத்தில், இணையத்தில் அந்தக் குழுவைப் பிடித்தீர்கள். ஆதி மனிதர் சாப்பிட்ட மாதிரி சாப்பிடு: கறி, மீன், முட்டை, வெண்ணெய், கொஞ்சம் பழம், கொஞ்சம் கிழங்கு. தானியம் கிடையாது, சர்க்கரை கிடையாது, பாக்கெட்டில் அடைத்தது எதுவும் கிடையாது. சில மாதத்தில் நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். வீடியோவில் நீங்கள் குனிந்து நிமிர்ந்து காட்டியதைப் பார்த்து அவள் கைதட்டினாள். உங்களுக்குக் கிடைத்த நல்லதை உங்கள் வாலுக்கும் கொடுக்க நினைத்தீர்கள். அதில் என்ன தப்பு?

அவளுக்கும் முதலில் நன்றாகத்தான் இருந்தது. நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து ஏறிய எடை இறங்கியது. பஸ்ஸில் ஒரே தாவில் ஏறினாள். டீக்கடை பன்னையும் குளிர்பானத்தையும் விட்டாள். முகமே தெளிந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஒரு நாள் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, "பொண்ணு பார்க்க வந்தப்ப போட்டது, எப்படி இருக்கு?" என்றாள். நன்றாக இருந்தது, அக்கா. ரொம்ப நன்றாக இருந்தது.

டிப்போவில் வருஷா வருஷம் எடுக்கும் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தார்கள். இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அளவு இன்னும் எகிறியது. குழுவை நடத்துகிற மனுஷரிடம் கேட்டாள். உடம்பு கொழுப்பை எரிக்கிறது, அளவு ஏறுவது நல்ல அறிகுறி, நம் முன்னோர்களுக்கு மாரடைப்பே கிடையாது, மாத்திரையெல்லாம் வியாபாரம் என்று பதில் வந்தது. அவள் மாத்திரையை நிறுத்தினாள். நான் சண்டை போட்டேன். "என்னைப் பாரு, நோயாளி மாதிரியா இருக்கேன்?" என்று கேட்டாள். அப்படி இல்லை.

துக்கத்துக்கு மறுநாள் நீங்கள் எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றதை நான் பார்த்தேன். வெண்ணெய், கறி டப்பா, முட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டினீர்கள். சுண்டெலியின் தயிர்கூட அதில் போய்விட்டது. பிறகு காலித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். கூடத்தில் இருந்த பெண்களில் யாரோ, "கறியத் தின்னு தின்னே போயிட்டா, அக்காக்காரி புத்தி சொன்னா இப்படித்தான்" என்று உங்கள் காதில் விழும்படியே சொன்னார்கள். நான் அதைத் தடுக்கவில்லை. கோபம் இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இருந்தது. உங்கள் மேல், அந்த மனுஷர் மேல், அவள் மேல். யார் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியாத கோபம். அன்றே நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

அந்தக் கோபத்தோடுதான் இதய டாக்டரைப் பார்க்கப் போனேன். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது: இந்தச் சாப்பாடுதான் கொன்றது. அதைச் சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்கு வந்து நிம்மதியாக உங்களைத் திட்டலாம் என்று இருந்தேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. அவள் எந்தக் காலணி போடுவாள் என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநார் தடித்திருக்குமா, பின்பக்கம் உரசுகிறது என்று சொல்வாளா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா, வேலை முடிந்து வந்தால் அவள் காலை நான்தானே பிடித்துவிடுவேன். கயிறு மாதிரி தடித்திருக்கும். பெடல் மிதித்து மிதித்து வந்தது என்று இரண்டு பேரும் சிரிப்போம். கிளட்ச் இல்லாத வண்டி, ஒன்றும் மிதிக்காத இடது காலிலும் அது இருந்தது. அதை ஏன் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

கொலஸ்ட்ரால் படிந்துதான் அந்தத் தசைநார் தடிக்குமாம். சில குடும்பங்களில் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப்போடுகிற வேலை பிறவியிலேயே சரியாக நடப்பதில்லையாம். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும். ஒல்லியாக இருந்தாலும் வரும், ஓடியாடினாலும் வரும். என் மாமனார், அதாவது உங்கள் அப்பா, எந்த வயதில், எப்படிப் போனார் என்று கேட்டார். நாற்பதைத் தாண்டியவுடன், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்றேன். அவருடைய அப்பா? அவரும் சின்ன வயதிலேயே போய்விட்டதாகக் கேள்வி என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா, நம் முன்னோர்களுக்கு இந்த நோய் கிடையாது என்றார்களே, உங்கள் வீட்டு முன்னோர்களிடமிருந்துதான் அது வந்திருக்கிறது.

நான் விடவில்லை. ஆதி மனிதருக்கு இதய நோயே இல்லையாமே என்று கேட்டேன். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய, பதப்படுத்தப்பட்ட உடல்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், பலவற்றில் ரத்தக்குழாய் கெட்டிப்பட்டிருந்தது என்றார். அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வளர்வதற்கு முன்பே செத்துப்போனார்கள், நமக்கு வருகிற நோய்கள் வருகிற வயதுவரை பலர் இருக்கவில்லை என்றார். காட்டில் வாழ்கிற சில மக்களுக்கு இன்றும் இதயம் சுத்தமாக இருப்பது உண்மைதான், ஆனால் அவர்கள் சாப்பிடுவதில் பெரும்பகுதி கிழங்கும் தானியமும், நாளெல்லாம் நடக்கிறார்கள், அவர்களைக் காட்டி வெண்ணெய் விற்க முடியாது என்றார். எந்த முன்னோர் என்று கேட்காமல் முன்னோர் உணவு என்று சொல்வதில் அர்த்தமில்லையாம். பனிக்கடலோரத்தில் இருந்தவன் ஒன்று தின்றான், காட்டில் இருந்தவன் வேறொன்று தின்றான். கிடைத்ததைத் தின்றார்கள்.

அப்படியானால் என் மனைவியின் அக்காவுக்கு ஏன் நன்றாகிவிட்டது என்று கேட்டேன். சர்க்கரையும் மைதாவும் பொரித்ததும் விட்டால், எந்தப் பெயரில் விட்டாலும் நிறையப் பேருக்கு எடை குறையும், வயிறு லேசாகும், அது நிஜமான பலன், அதைப் பொய் என்று சொல்லக்கூடாது என்றார். இந்தச் சாப்பாட்டை வைத்துச் சோதித்துப் பார்த்ததெல்லாம் கொஞ்சம் பேரை, கொஞ்ச மாதங்களுக்கு. அந்தக் கொஞ்ச மாதங்களில் தெரிவதை வைத்து, இருபது வருஷம் கழித்து இதயத்துக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். உங்கள் தங்கையைப் போன்ற ரத்தத்துக்கோ, எவ்வளவு நல்ல சாப்பாடும் தனியாகப் போதாது, மாத்திரை இருந்தே ஆக வேண்டும்.

அப்போ சாப்பாடுதான் கொன்றதா என்று கடைசியாகவும் கேட்டேன். "மாத்திரைய நிறுத்தினது ஆபத்த கூட்டியிருக்கு. சாப்பாடும் கூட்டியிருக்கும். ஆனா பிறந்ததிலேர்ந்து சேர்ந்தது அது. நிறுத்தாம இருந்தா இருந்திருப்பாங்களான்னு ஒரே ஒருத்தர வச்சு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தருக்குக் குணமானதை வைத்து எல்லாருக்கும் குணமாகும் என்று சொன்னது தப்பு என்றால், ஒருத்தி போனதை வைத்து இதுதான் கொன்றது என்று நான் சொல்வதும் அதே தப்புதானே? உங்களைத் திட்டுவதற்கு என்னிடம் இருந்த ஒரே வாக்கியமும் போய்விட்டது. அன்றுதான், அக்கா, அவள் போன பிறகு முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். கோபம் இருந்தவரை அவள் பாதி வீட்டில் இருந்த மாதிரி இருந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னபடி சுண்டெலிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அவளுக்கும் இருக்கிறது. பயப்படாதீர்கள். இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது பெரிய அதிர்ஷ்டம் என்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் நம்மைப் போல வயதாகி, பல் விழுந்து, எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டு வாழலாமாம். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது அம்மாகிட்டேருந்து வந்ததாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ அம்மாவுக்கும் இந்த மாத்திரை இருந்துச்சா?" என்றாள். இருந்தது என்றேன். அடுத்த கேள்வி வரும் என்று தண்ணீர் டம்ளரோடு நின்றேன். அவள் கேட்கவில்லை. தண்ணீரை வாங்கி விழுங்கிவிட்டாள். கேட்காமல் விட்டது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கூடப் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு இது இருக்க வாய்ப்பு உண்டாம். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இருந்தால் உங்கள் மகளும் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் இதைச் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஏன் போக மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இருக்கிறது என்று வந்தால் பயம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வீர்கள். இல்லை என்று வந்துவிட்டால்? அதே சாப்பாட்டை நானும் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்குத்தான் ஆகும்படி இருந்தது என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு எப்படி இருப்பது? அதை நினைத்துத்தானே தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

எப்படி வந்தாலும் போய்ப் பாருங்கள், அக்கா. இருக்கிறது என்று வந்தால் மாத்திரை இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். இல்லை என்று வந்தால், நான் மனதாரச் சொல்கிறேன், அதைவிடப் பெரிய சந்தோஷம் இந்த வீட்டுக்கு இப்போது வேறு இல்லை. உங்கள் இரண்டு பேர் உடம்புக்குள்ளும் என்ன இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, அவளுக்கே தெரியாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எதை வேண்டுமானாலும், பிடித்ததை. பட்டினி கிடந்து யாருக்கும் கணக்கு நேர் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். ஃபோனில் உங்களுக்கும் அவளுக்கும் வித்தியாசமே தெரியாது. நானே எத்தனை தடவை உங்களிடம் "எப்ப வர்ற?" என்று கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். சுண்டெலிக்கு அம்மா குரல் மறந்துகொண்டு வருகிறது. அவள் என்னிடம் சொல்லவில்லை, தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவளுக்கு ஒரு தடவை ஃபோன் செய்யுங்கள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். பெரியம்மா பேசறேன் என்று சொல்லிவிட்டு, "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேளுங்கள். அந்த வார்த்தையைக் கேட்க இனிமேல் நமக்கு என்ன தகுதி என்று நினைக்காதீர்கள். அவள் அம்மா தினமும் முதலில் கேட்டது அதைத்தான்.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் தம்பி